மூடுபனியில் கோல்ஃப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூடுபனியைச் சுற்றியே அமைந்திருந்தன. ஒரே கேள்வியைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அதிகாலை நேரத்தைப் பதிவு செய்துவிட்டு மைதானத்துக்குச் சென்றால், முதல் டீயிலிருந்து (பந்தை முதன்முதலில் அடிக்கும் இடம்) எதிரே உள்ள மரமே தெரிவதில்லை. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம்?

பதில்: கோல்ஃப் விதிகள் இதற்கு எந்த எண்ணையும் வகுக்கவில்லை, முடிவைப் போட்டிக் குழுவிடமும், போட்டி இல்லாத நாளில் மைதான நிர்வாகத்திடமும் உங்களிடமும் விட்டுவிடுகின்றன. பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் அதை மூடுபனி என்று வானிலைத் துறையினர் வரையறுக்கிறார்கள். ஆனால் 800 மீட்டர் தெரியும் காலையில் கோல்ஃப் ஆடுவதற்கு எந்தத் தடையும் இல்லை என்பதால், முன்னறிவிப்பில் மூடுபனி என்று கண்டவுடன் வீட்டிலேயே இருந்துவிடத் தேவையில்லை.

நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் கையில் எடுத்திருக்கும் மட்டையால் மிக நன்றாக அடித்தால் பந்து எங்கே போய் நிற்குமோ, அந்த இடமும் அதன் இருபுறமும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான மைதானங்களில் கிரீனிலிருந்து (குழியும் கொடியும் உள்ள, குட்டையாக வெட்டிய புல்தரை) 100, 150, 200 கஜத் தொலைவுகளைக் காட்டும் அடையாளங்கள் உண்டு. 150 கஜம் என்பது ஏறத்தாழ 137 மீட்டர். அந்தக் கம்பத்தருகே நின்று பார்க்கும்போது கொடி தெரிகிறதா, இல்லையா என்பதே பார்வைத் தூரத்தை உடனே அளந்து கொடுத்துவிடும். 137 மீட்டர்தான் தெரிகிறது என்றால், 200 மீட்டர் போகும் டிரைவர் என்ற நீள மட்டையைப் பையிலேயே விட்டுவிட்டு, 120 மீட்டரில் நின்றுவிடும் அயன் என்ற குட்டையான மட்டையை எடுங்கள். அதற்கு மனம் ஒப்பாவிட்டால் அன்று ஆடாமல் இருப்பதே நல்லது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பந்தின் எடை 45.93 கிராம் வரை இருக்கலாம். சாதாரண ஆட்டக்காரர் டிரைவரால் அடித்தாலே அது விநாடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. முன்னால் சென்ற குழுவினர் இந்நேரம் கிரீனைத் தாண்டியிருப்பார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்வது மூடுபனியில் செல்லாது, ஏனெனில் அவர்களும் அதே பனிக்குள் தங்கள் பந்தைத் தேடிக்கொண்டு நின்றிருக்கக்கூடும். பேச்சுக் குரலை வைத்துத் தொலைவை மதிப்பிடுவதும் தவறாகவே முடியும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்று வெப்பமான காற்றும் இருக்கும் காலை வேளைகளில் ஒலி மேலே சிதறாமல் தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் செல்லும். அதனால் தொலைவில் பேசுபவர்கள் அருகில் இருப்பதுபோலத் தோன்றும்.

கிரீன் கண்ணுக்குத் தெரியாத மேட்டு ஹோல்களில் (ஒரு டீயிலிருந்து அதன் குழி வரையிலான பகுதி ஒரு ஹோல்), ஆடி முடித்து நகரும் குழு மணி அடித்துவிட்டுச் செல்லும் வழக்கம் பல மைதானங்களில் இருக்கிறது. மூடுபனி நாளில் அந்த வழக்கத்தை எல்லா ஹோல்களுக்கும் விரித்துக்கொள்ளலாம். முன் குழுவினரிடம் ஒரு விசில் இருந்தாலே போதும். கைப்பேசியில் ஒரு சொல் சொன்னாலும் போதும். பேட்டரி வண்டிகளின் திரையில் முன்னால் உள்ள வண்டிகளின் இருப்பிடம் தெரியும் வசதியை மட்டும் முழுமையாக நம்ப வேண்டாம். வண்டி பாதையில் நிற்கும். அதை ஓட்டி வந்தவர் ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடையே புல் வெட்டிய பாதை) மறுபுறத்தில் நிற்பார்.

கேள்வி: காத்திருந்தால் பனி விலகிவிடுமா, அல்லது திரும்பிப் போய்விடலாமா என்பதை எப்படிக் கணிப்பது?

பதில்: தெளிந்த வானமும் அசையாத காற்றுமாக இருந்த இரவுக்குப் பிறகு வரும் மூடுபனி, தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்வதால் உண்டாவது. சூரியன் ஏறித் தரையைச் சூடாக்கத் தொடங்கியதும் இது பெரும்பாலும் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். வெயில் வலுக்குறைந்த குளிர்காலத்தில் மட்டும் நாள் முழுதும் நீடிப்பதுண்டு. தலைக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். எதிரே எதுவும் தெரியாதபோதும் மேலே நீலம் தென்பட்டால் பனியடுக்கு மெல்லியது என்று பொருள், காத்திருக்கலாம்.

கடலிலிருந்து காற்றோடு நகர்ந்து வரும் பனியின் கதை வேறு. ஈரமான வெப்பக் காற்று குளிர்ந்த நீர்ப்பரப்பின் மேல் கடந்து வரும்போது உண்டாகும் அது, காற்றின் திசை மாறும் வரை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். மலைச் சரிவில் உள்ள மைதானங்களில் நாம் மூடுபனி என்று சொல்வது பல நேரங்களில் மேகமேதான். அது விலகுவதும் மூடுவதும் நிமிடக் கணக்கில் நடக்கும். தரை குளிர்வதால் உண்டாகும் பனி பள்ளமான ஹோல்களில் கடைசி வரை தங்கி நிற்கும் என்பதால், முதல் டீ தெளிந்துவிட்டது என்பதை வைத்து மைதானம் முழுவதும் தெளிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

கேள்வி: அடித்த மறுகணமே பந்து மறைந்துவிடுகிறது. எங்கே தேடுவது என்றே புரிவதில்லை. அனுபவசாலிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: பார்வைத் தூரம் 100 மீட்டர் என்றால், நல்ல டிரைவ் ஏறத்தாழ இரண்டு விநாடிகளில் உங்கள் பார்வையை விட்டுப் போய்விடும், மீதிப் பயணம் முழுவதும் பனிக்குள்தான் நடக்கும். ஆகவே, அந்த இரண்டு விநாடிகளில் எதைக் கவனிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புறப்படும்போது பந்து இலக்குக் கோட்டுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, மறையும் கணத்தில் அது எந்தப் பக்கம் வளையத் தொடங்கியிருந்தது, எவ்வளவு உயரத்தில் இருந்தது ஆகிய மூன்றையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மட்டையின் நடுவில் பட்டதா, நுனியில் பட்டதா என்பதைக் கை சொல்லிவிடும்; நுனியில் பட்டதென்றால் வழக்கமான தூரத்திலிருந்து தாராளமாகக் குறைத்துக்கொண்டு தேடுங்கள்.

அடித்தவருக்குத் தலை நிமிர்வதற்கே ஒரு கணம் போய்விடும் என்பதால், குழுவில் உள்ள மற்றவர்களே சிறந்த சாட்சிகள். ஒருவர் நேர் பின்னாலும் ஒருவர் பக்கவாட்டிலும் நின்று பார்த்தால், ஒருவர் திசையைச் சொல்வார், மற்றவர் உயரத்தைச் சொல்வார். பந்து மறைந்த இடத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு புதரையோ மணற்குழியின் விளிம்பையோ குறித்துக்கொண்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் நடக்கத் தொடங்குவது நல்லது. பந்தைத் தாங்கிய டீ குச்சியை எடுக்கக் குனிந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் கோடு கலைந்துவிடும். அந்த வேலைகளை வேறொருவர் செய்யட்டும்.

பந்தின் மீது உங்கள் அடையாளத்தைத் தெளிவாகப் போட்டுக்கொள்வதும் இன்றியமையாதது. பனியில் அடுத்த ஹோலில் ஆடுபவர்களின் பந்துகளும் உங்கள் ஃபேர்வேயில் வந்து கிடக்கும். ஒரே நிறுவனம், ஒரே எண் என்று பார்த்து அவசரமாக அடித்துவிட்டால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு தண்டனை அடி, இருவர் ஹோலுக்கு ஹோல் மோதும் மேட்ச் பிளேயில் அந்த ஹோலே தோல்வி.

கேள்வி: ஃபேர்வேயின் நடுவே நேராகப் போன பந்து. பனியால் கிடைக்கவில்லை. இதற்கும் தண்டனை என்பது நியாயமா?

பதில்: நியாயமோ இல்லையோ, விதி தெளிவாக இருக்கிறது. தேடத் தொடங்கி 3 நிமிடங்களுக்குள் கிடைக்காத பந்து தொலைந்த பந்துதான். ஏன் தொலைந்தது என்று விதி கேட்பதில்லை. 2019 வரை 5 நிமிடங்கள் இருந்தன. அந்த ஆண்டிலிருந்து 3 நிமிடங்கள்தான். ஒரு தண்டனை அடியைச் சேர்த்துக்கொண்டு, முந்தைய அடி அடித்த இடத்துக்கே திரும்பிச் சென்று மறுபடி அடிக்க வேண்டும்.

பனிக்குள் முன்னும் பின்னும் நடப்பது பின்னால் காத்திருக்கும் குழுவுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. அதனால் மூடுபனி நாளில் விழுந்த இடம் தெரியாத ஒவ்வொரு அடிக்கும் உடனே புரொவிஷனல் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆடுவதற்கான மாற்றுப் பந்து) ஒன்றை அடித்துவிடுங்கள். “புரொவிஷனல்” என்ற சொல்லையோ, புரொவிஷனலாக ஆடுகிறேன் என்ற பொருள் ஐயமின்றி விளங்கும் சொற்களையோ அடிப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடித்தால் அந்தப் பந்தே ஆட்டப் பந்தாகிவிடும். இரண்டாவது பந்தையும் அதே மட்டையால் அதே வேகத்தில் அதே திசையில் அடித்து, பட்ட காலிலேயே படும் என்று புலம்புபவர்களைப் பார்க்கிறேன். புரொவிஷனல் பந்தைக் குட்டையான மட்டையால், கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள் அடிப்பதே அறிவுடைமை.

போட்டிக் குழு விரும்பினால் இன்னொரு வழியும் உண்டு. தொலைந்ததாகக் கருதப்படும் இடத்தை ஒட்டியுள்ள ஃபேர்வேப் பகுதியில், இரண்டு தண்டனை அடிகளுடன் பந்தைப் போட்டு ஆட அனுமதிக்கும் உள்ளூர் விதி 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. புரொவிஷனல் பந்து அடித்துவிட்டவர் இந்தச் சலுகையைப் பயன்படுத்த முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: வலப்புறம் குளம். பந்து அதில்தான் விழுந்திருக்கும் என்று சொல்லித் தண்ணீருக்குரிய விதிப்படி ஆடலாமா?

பதில்: “விழுந்திருக்கும்” என்ற ஊகம் போதாது. பந்து தண்டனைப் பகுதிக்குள் (இங்கே குளம்) இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஏறத்தாழ உறுதியாக இருக்க வேண்டும். விதிநூல் இந்த உறுதியைக் குறைந்தது 95 விழுக்காடு என்று விளக்குகிறது. கண்ணால் பார்க்காவிட்டாலும் காதால் கேட்டதும் சான்றுதான். அடித்துச் சில விநாடிகளில் அந்தத் திசையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் தெளிவாகக் கேட்டு, குழுவினரும் அதை ஒப்புக்கொண்டால் உங்கள் தரப்பு வலுவாக இருக்கிறது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை, கரையில் அடர்ந்த புல்லும் இருக்கிறது என்றால், அது தொலைந்த பந்துதான்.

கேள்வி: என் லேசர் தூரமானி கொடியை நோக்கிப் பிடித்தாலும் 20 மீட்டர், 30 மீட்டர் என்றே காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை. கருவி அனுப்பும் ஒளித்துடிப்பு கொடியில் பட்டுத் திரும்புவதற்கு முன் பனித்துளிகளில் பட்டுத் திரும்பிவிடுகிறது. அந்த முதல் எதிரொளியையே கருவி கணக்கிடுகிறது. மூடுபனியில் காரின் உயர் வெளிச்ச விளக்கைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுவது இதே காரணத்தால்தான். சில கருவிகளில் அருகிலுள்ள எதிரொளிகளைப் புறக்கணிக்கும் தனி முறை உண்டு; அதை இயக்கிப் பாருங்கள். அடர்ந்த பனியில் அதுவும் கைகொடுக்காது. ஜிபிஎஸ் கடிகாரத்துக்குப் பனி ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிரீன் 163 மீட்டரில் இருக்கிறது என்று அது துல்லியமாகச் சொல்வதால், அங்கே ஆள் இல்லை என்றும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: மூடுபனியில் காற்று கனமாக இருப்பதால்தான் பந்து தூரம் போவதில்லை என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: தூரம் குறைவது உண்மை, காரணம் தவறு. அடர்ந்த பனியிலும் ஒரு கன மீட்டர் காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளின் எடை பெரும்பாலும் அரை கிராமுக்கும் குறைவு. 42.67 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து 200 மீட்டர் பறக்கும்போது அது துளைத்துச் செல்லும் காற்றின் கொள்ளளவு கால் கன மீட்டரைச் சற்றே தாண்டும். வழியில் உள்ள துளிகள் அத்தனையும் பந்தில் ஒட்டிக்கொண்டாலும் கூடும் எடை 0.14 கிராம் அளவுதான். நீராவியோ காற்றின் மற்ற மூலக்கூறுகளைவிட இலேசானது என்பதால், ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்று உலர்காற்றைவிடச் சிறிது அடர்த்தி குறைந்ததே.

குற்றவாளி குளிர்தான். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் காற்றின் அடர்த்தி 3.5 விழுக்காடு அளவு கூடுகிறது. குளிர்ந்த பந்தும் மட்டையில் பட்டு முன்போலத் துள்ளுவதில்லை. ஃபேர்வே ஈரமாக இருப்பதால் விழுந்த பந்து உருளாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. இவற்றோடு கனமான மேலாடையும், ஈரத்தில் வழுக்கும் பிடியும் சேர்ந்துகொள்கின்றன. மட்டை முகத்தில் படியும் ஈரம் சுழற்சியைக் குறைப்பதால் வெட்ஜ் (குறுந்தூரத்துக்கான மட்டை) அடிகள் எதிர்பார்த்ததைவிட உயரமாகக் கிளம்பிச் சுழற்சியின்றி விழுவதும் உண்டு; ஒவ்வோர் அடிக்கும் முன் முகத்தைத் துடைக்க ஓர் உலர்ந்த துண்டைப் பையின் உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே தொங்கும் துண்டு முதல் சில ஹோல்களிலேயே நனைந்துவிடும். வழக்கத்தைவிட ஒரு படி கூடுதல் தூரம் போகும் மட்டையை எடுத்து இயல்பாக வீசுவதே தீர்வு. பனியைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்பதுபோல ஓங்கி வீசுபவரின் பந்துதான் முதலில் காணாமல் போகும்.

கேள்வி: மஞ்சள் பந்து பனியை ஊடுருவித் தெரியுமாமே?

பதில்: ஊடுருவாது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. வெண்பனியின் பின்னணியில் வெள்ளைப் பந்து கரைந்துவிடும். மஞ்சளோ ஆரஞ்சோ வேறுபட்டுத் தெரியும். அதற்காகவே வாங்கலாம். ஒரு ஹோலின் நடுவில் விருப்பப்படி பந்தை மாற்றக் கூடாது. அடுத்த ஹோலின் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே வகைப் பந்தையே ஆட வேண்டும் என்ற உள்ளூர் விதி நடப்பில் இருக்கும் போட்டிகளில் முன்கூட்டியே போட்டிக் குழுவிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: கொடி தெரியாதபோது நண்பர் ஒருவரை முன்னால் நிறுத்தித் திசை காட்டச் சொல்லலாமா?

பதில்: கிரீனுக்கு வெளியே உள்ள பந்துக்கு, உங்கள் கேடியோ (பை சுமக்கும் உதவியாளர்) வேறு ஒருவரோ ஆட்டக்கோட்டில் நின்று திசையைக் காட்டலாம், ஆனால் நீங்கள் அடிப்பதற்கு முன் அவர் விலகிவிட வேண்டும். பையையோ துண்டையோ அடையாளமாக வைத்தாலும், அடிப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். கொடிக்கம்பத்தைப் பிடித்தபடி குழி இருக்குமிடத்தைக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்பதை மட்டும் விதி அடிக்கும்போதும் அனுமதிக்கிறது. விதி அனுமதிக்கிறது என்பதற்காக, பந்து வருவதைக் காணவே முடியாத ஒருவரைக் குழியருகே நிறுத்திவிட்டு 130 மீட்டரிலிருந்து அடிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பந்து விழும் இடத்தைக் கவனிக்க ஒருவர் முன்னால் போவதென்றால், கோட்டை விட்டு நன்றாக விலகி, பருத்த மரம் ஒன்றின் மறைவில் நின்று, தாம் நிற்குமிடத்தைக் குரல் கொடுத்துத் தெரிவித்த பிறகே அடிக்க வேண்டும்.

கேள்வி: போட்டியின் நடுவே பனி இறங்கிவிட்டால், ஆட்டத்தை நாமாகவே நிறுத்தலாமா?

பதில்: மேட்ச் பிளேயில் இருவரும் ஒத்துக்கொண்டால், போட்டி தாமதமாகாத வரை நிறுத்தலாம். ஸ்ட்ரோக் பிளேயில் அப்படி முடியாது. மின்னல் ஆபத்து இருப்பதாக ஆட்டக்காரர் நியாயமாக நம்பினால் தாமாகவே நிறுத்த விதி இடம் தருகிறது. மூடுபனிக்கு அந்த விலக்கு இல்லை. தகுந்த காரணமின்றி நிறுத்தினால் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம் என்பதால், போட்டிக் குழுவைத் தொடர்புகொண்டு நிலைமையைச் சொல்லுங்கள். முன்னால் உள்ளவர்கள் தெரியவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பொறுப்புள்ள எந்தக் குழுவும் அதைக் கேட்டபின் ஆடச் சொல்லாது.

வழக்கமான சைகைகளையும் தெரிந்து வைத்திருங்கள். நீண்ட ஒரே ஒலி கேட்டால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். தொடர்ந்து மூன்று ஒலிகள் கேட்டால் அது சாதாரண நிறுத்தம். ஒரு ஹோலின் நடுவில் இருப்பவர்கள் உடனே நிறுத்தலாம் அல்லது அந்த ஹோலை முடித்துவிட்டு நிறுத்தலாம். குறுகிய இரண்டு ஒலிகள் மறுபடி தொடங்குவதற்கானவை. நிறுத்தும்போது பந்தின் இடத்தைக் குறித்துவிட்டு எடுத்துச் செல்லலாம். திரும்பி வந்து அதே இடத்தில் அதே பந்தையோ வேறொரு பந்தையோ வைக்கலாம். மஞ்சள் பந்து கேட்ட வாசகருக்கு, ஹோலின் நடுவிலேயே நிறம் மாற்ற இது ஒரு முறையான வாய்ப்பு.

சாதாரண நிறுத்தத்தில் ஹோலை முடிக்கலாமா, விடலாமா என்ற தெரிவு எளிதானதல்ல. 1988இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நாட்டு அணிகளுக்கிடையே நடந்த டன்ஹில் கோப்பை அரையிறுதியில், இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ அயர்லாந்தின் டெஸ் ஸ்மித்தை எதிர்த்து ஆடியபோது, கடைசி ஹோலில் பனி சூழ்ந்ததால் கிரீனை நோக்கிய அடியை அடிக்க மறுத்துவிட்டார். கூடியிருந்தவர்கள் கூச்சலிட்டும் அவர் அசையவில்லை. மறுநாள் காலை வந்துதான் அந்த ஹோலை முடித்தார். அயர்லாந்து வென்றது, கோப்பையையும் கைப்பற்றியது. அவர் செய்தது விளையாட்டு உணர்வுக்கு ஒவ்வாதது என்று அன்று பேசியவர்கள் பலர். தெரியாத கிரீனுக்கு அடிக்க மாட்டேன் என்றவரின் பக்கமே நான்.

கேள்வி: கிரீன் முழுவதும் பனிநீர். என் பட்டிங் கோட்டில் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் வழி) உள்ளதை மட்டும் துண்டால் துடைக்கலாமா?

பதில்: கூடாது. பனிநீர் அகற்றத்தக்க இயற்கைப் பொருளும் அல்ல, தற்காலிக நீர்த்தேக்கமும் அல்ல. கோட்டைச் சீராக்கும்படி அதைத் துடைத்தால் தண்டனை உண்டு. டீ பகுதியில் மட்டும் துடைக்க அனுமதி இருக்கிறது. கிரீனில் செய்யக்கூடியது, உங்களுக்கு முன் அடித்தவரின் பந்து ஈரத்தில் விட்டுச் சென்ற தடத்தைக் கூர்ந்து பார்ப்பது. பந்து எங்கே வளையத் தொடங்கியது என்பது அதில் கோடு போட்டதுபோல் தெரியும். நனைந்த புல்லில் வேகம் குறைவதால் சற்று அழுத்தமாகவே தட்டுங்கள்.

கேள்வி: பனியில் ஆடி எடுத்த மோசமான ஸ்கோரை ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) கணக்கில் சேர்க்காமல் விடலாமா?

பதில்: விதிப்படி ஆடியிருந்தால் சேர்த்தே ஆக வேண்டும். உலக ஹேண்டிகேப் முறையில், அன்று அதே மைதானத்தில் குறைந்தது 8 தகுதியான ஸ்கோர்கள் பதிவானால், ஆட்டச் சூழலின் கடினத்தைக் கணித்து −1 முதல் +3 வரை சரிக்கட்டுகிறார்கள். எல்லோருக்கும் கடினமாக இருந்த நாள் என்றால் அதன் பலன் உங்களுக்கும் கிடைக்கும். பனியால் ஆட்டம் பாதியில் நின்றிருந்தால், 18 ஹோல் ஸ்கோராகக் கொள்ளக் குறைந்தது 10 ஹோல்களும், 9 ஹோல் ஸ்கோராகக் கொள்ள 9 ஹோல்களும் ஆடியிருக்க வேண்டும்.